கால் திருப்பு

உன் வாழ்க்கையைப் பத்தி எழுது என்று தோழர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் வாழ்க்கையில் பாதி லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்ததில் போச்சு. மீதி இஞ்சினுக்கு மேலே குப்புறக் கவிழ்ந்து கிடந்ததில் போச்சு. இதில் எழுத என்ன இருக்கு? "அதையே எழுது" என்றார். அதனால் ஹெட் போல்ட்டைப் பத்தி எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் கவிதை, கதை, கூட்டம், போராட்டம் என்று இருக்கிறவர்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் போல்ட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வரும்.

போன தை மாசம் ஒரு லாரி ஓனர் என் பட்டறைக்கு வந்தார். சங்ககிரிப் பக்கத்துக்காரர். அவருடைய பழைய டாடா வண்டி, கம்மின்ஸ் 5.9 லிட்டர் டர்போ இஞ்சின். ஹெட் கேஸ்கெட் போய் ஆயிலில் தண்ணி கலந்து, டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் மோர் மாதிரி வெள்ளையாக இருந்தது. கழட்டிய டயர் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"மேஸ்திரி, இந்தத் தடவை போல்ட் வேண்டாமுங்க. ஸ்டட் போட்டுருங்க. ஸ்டட் போட்டா ஹெட் தூக்கவே தூக்காதுன்னு நாமக்கல்லுல ஒருத்தரு சொன்னாரு."

அவர் சொன்ன ஸ்டட்டைவிட அந்த 'ங்க'தான் எனக்கு முதலில் காதில் விழுந்தது. இவருடைய அப்பா என் அப்பனை 'டா' போட்டுத்தான் கூப்பிட்டார். இவரே எட்டு வயசுப் பையனாக இருந்தபோது என் தாத்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "எங்கப்பா செருப்பு தைச்சு வெச்சிருக்கியான்னு கேக்கச் சொன்னாரு" என்று நின்றது எனக்கு ஞாபகம் இருக்கு. தாத்தா எழுந்து நின்று, "ஆச்சுங்க சாமி" என்று பதில் சொன்னதும் ஞாபகம் இருக்கு. அவருக்கு ஞாபகம் இருக்குமா, தெரியாது. நான் கேட்கவில்லை. டீ வாங்கி வரச் சொன்னேன். குடித்தார்.

போல்ட்டா ஸ்டட்டா என்பது எங்கள் தொழிலில் ரொம்ப நாளாக நடக்கிற வாக்குவாதம். இஞ்சின் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கீழே பிளாக், மேலே ஹெட், இரண்டுக்கும் நடுவே ஒரு கேஸ்கெட். பிளாக்குக்குள்ளே பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. டீசல் வெடிக்கும்போது பிஸ்டனைக் கீழே தள்ளுகிற அதே வேகத்தோடு ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கும். டர்போ என்பது வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதே தண்டில் இருக்கிற இன்னொரு சக்கரத்தால் காற்றை உள்ளே அமுக்கித் தள்ளுகிற சாமான். காற்று கூடினால் டீசல் கூட்டலாம். டீசல் கூடினால் வெடி கூடும். இந்த இஞ்சினில் போர் 102 மில்லிமீட்டர். பிஸ்டன் தலையின் பரப்பு ஏறத்தாழ 82 சதுர சென்டிமீட்டர் வரும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ என்று குறைவாகவே போட்டாலும் 8 டன்னுக்கு மேல். ஒரு சிலிண்டரில், ஒரு வெடிக்கு. 1500 சுற்றில் ஓடும்போது ஒரு சிலிண்டரே நிமிஷத்துக்கு 750 தடவை வெடிக்கும். இந்த மாதிரி ஆறு சிலிண்டர். அத்தனையையும் கீழே பிடித்து வைத்திருப்பது பெருவிரல் கனம்கூட இல்லாத 26 போல்ட். 12 மில்லிமீட்டர்தான் அதன் கனம்.

பழைய 697 இஞ்சினில் டர்போ கிடையாது. ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், அதனால்தான் அந்தப் பேர். டாடாவும் பென்ஸும் 1954லிருந்து 1969 வரை ஒப்பந்தத்தில் இருந்த காலத்து வம்சம் அது. அதில் வேலை பழகிய பழைய மெக்கானிக்குகளுக்கு டார்க் ரெஞ்ச் என்றால் ஏளனம். "என் கைதான்டா ரெஞ்ச்" என்பார்கள். 1993ல் டாடாவும் கம்மின்ஸும் ஜாம்ஷெட்பூரில் கூட்டுக் கம்பெனி தொடங்கி, அந்த இஞ்சின்கள் ரோட்டுக்கு வந்த பிறகு அந்தக் கை செல்லாமல் போனது. ஆனால் கை ஒப்புக்கொள்ளவில்லை.

நான் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவன். எங்கள் தெருவில் சர்டிபிகேட்டோடு ஸ்பானர் பிடித்த முதல் ஆள். அங்கே வாத்தியார் ஒருத்தர் இங்கிலீஷ் மேனுவலின் ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்தார். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், மேனுவலில் இங்கிலீஷ். லிஃப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு ராத்திரி என்று படித்தேன். ஹெட் இறுக்குகிற பக்கம் எனக்கு மனப்பாடம். நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போக வேண்டும். முதலில் எல்லாப் போல்ட்டும் 90 நியூட்டன் மீட்டர். ராக்கர் வழியாக இறங்குகிற நீளப் போல்ட்டுகள் மட்டும் 120. அதுக்கப்புறம் ரெஞ்சின் அளவைப் பார்க்காமல், ஒவ்வொன்றையும் 90 டிகிரி திருப்ப வேண்டும். அதைத்தான் நாங்கள் கால் திருப்பு என்போம்.

அந்தக் கால் திருப்பு எதுக்கு என்று தெரிந்தால் போல்ட், ஸ்டட் விவகாரம் முழுக்க விளங்கிவிடும். நாம் ரெஞ்சில் கொடுக்கிற பலத்தில் ஏறத்தாழ பாதி போல்ட்டுத் தலைக்கு அடியில் உராய்வதிலேயே போய்விடுகிறது. நாற்பது பங்கு மரையில் உராய்ந்து போகும். மிச்சம் பத்து பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. துருப்பிடித்த மரை என்றால் அந்தப் பத்தும் இல்லை. ரெஞ்ச் 'டக்' என்று சொல்லிவிடும், போல்ட் இழுபட்டிருக்காது. அதனால்தான் கடைசியில் பலத்தை நம்பாமல் கோணத்தை நம்புகிறார்கள். மரையின் இடைவெளி 1.75 மில்லிமீட்டர். கால் சுற்று திருப்பினால் 0.44 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். இறங்க இடமில்லாததால் இரும்பு நீள்கிறது. போல்ட் என்பது ரொம்பக் கெட்டியான ஒரு ஸ்பிரிங். நீண்ட இரும்பு திரும்பிச் சுருங்கப் பார்க்கும், அந்தச் சுருக்கம்தான் ஹெட்டைப் பிடித்து வைத்திருக்கு. ஒரு அளவுக்கு மேல் நீண்டுவிட்டால் சுருங்காது, சவ்வு மாதிரி ஆகிவிடும். மேனுவலில் ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு எல்லை போட்டிருக்கு. கழட்டிய போல்ட்டை அளந்து, எல்லையைத் தாண்டியிருந்தால் தூக்கிப் போடு என்று இருக்கு. அதுவரைக்கும் திரும்பப் போடலாம். சில இஞ்சின்களில் அதுவும் கூடாது, ஒவ்வொரு தடவையும் புதுசு.

ஸ்டட் என்பது தலை இல்லாதது. இரண்டு முனையிலும் மரை. கீழ் முனையை விரலாலேயே பிளாக்கில் முறுக்கி உட்கார வைத்துவிட்டு, ஹெட்டை மேலே இறக்கி நட்டு போட்டு இறுக்குவது. போல்ட்டை இறுக்கும்போது அது இழுபடவும் வேண்டும், முறுக்குப்படவும் வேண்டும், பிளாக்கின் வார்ப்பு இரும்பு மரையில் அரைத்துக்கொண்டே சுற்றவும் வேண்டும். ஸ்டட் சும்மா நிற்கும், நட்டு மட்டும் சுற்றும். ஸ்டட் நேராக இழுபடும். நட்டு ஓடுகிற மேல் முனை மரை பொடிசாக இருப்பதால் இறுக்கம் துல்லியமாக வரும். பிளாக்கு மரை தேயாது. நாலு தடவை ஹெட் கழட்டின பிளாக்கில் போல்ட் போடுவதைவிட ஸ்டட் போடுவது மேல்தான். இதெல்லாம் உண்மை. நாமக்கல்காரர் சொன்னது பொய்யில்லை.

அந்த ஓனருக்கு இதையெல்லாம் சொல்வதற்கு முன்னால் எனக்கு 2003 ஞாபகம் வந்தது. இங்கே அதைச் சொல்லியாகணும்.

அப்போது எனக்கு 24 வயசு. ஒரு பட்டறையில் ரெண்டாம் கை. தலைமை மெக்கானிக் வேறொருத்தர். சாப்பாட்டு வேளையில் அவர்கள் எல்லாரும் உள்ளே உட்காருவார்கள், நான் ஜெனரேட்டர் ஷெட் பக்கம் உட்காருவேன். யாரும் போகச் சொன்னதில்லை. முதல் நாள் நானே போய் உட்கார்ந்தேன், அதுவே பழக்கமாகிப்போச்சு. இதே மாதிரி டர்போ இஞ்சின் ஒன்று ஹெட் கேஸ்கெட் போய் வந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை வேறெங்கோ கழட்டி மாட்டியது. கழட்டிய 26 போல்ட்டையும் டீசலில் கழுவி வரிசையாக வைத்து வெர்னியரில் அளந்தேன். ஒன்பது போல்ட் எல்லை தாண்டியிருந்தது. ஜெராக்ஸ் பக்கத்தைக் கொண்டுபோய்த் தலைமை மெக்கானிக்கிடம் காட்டினேன்.

"அதெல்லாம் கம்பெனிக்காரன் போல்ட் விக்கறதுக்கு எழுதி வெச்சதுடா. இரும்பு நீளுமா? உனக்குப் பாடம் எடுக்கத் தெரியுமா, ரெஞ்ச் புடிக்கத் தெரியுமா? போய் மாட்டு."

ஓனரும் பக்கத்தில்தான் இருந்தார். புது செட்டுக்கு ஆகிற காசைக் கேட்டார், "பழசே இருக்கட்டும்" என்றார். நான் போய் மாட்டினேன்.

இதில் ஒரு விஷயத்தை நான் பல வருஷம் யாருக்கும் சொல்லவில்லை. கடைசிக் கால் திருப்பு போடும்போது நல்ல போல்ட் என்றால் போகப் போகக் கனக்கும். கை அதை எதிர்பார்த்துக்கொண்டே போகும். பின்பக்கம், ஆறாம் சிலிண்டர் கிட்ட ஒரு போல்ட் கனக்கவில்லை. பாதித் திருப்பில் இளகி, வெல்லப்பாகில் கரண்டி போகிற மாதிரி போனது. கைக்குத் தெரிந்துபோச்சு. இது செத்த போல்ட். நான் ஒரு நிமிஷம் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். தலைமை மெக்கானிக் பல்லைக் குத்திக்கொண்டு நின்றிருந்தார். அடுத்த போல்ட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த லாரியில் கிளீனராக இருந்தது என் சித்தி மகன். பதினேழு வயசு. நான்தான் அந்த ஓனரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். மூணாம் நாள் சிமெண்ட் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் போனார்கள். அப்போது ரெண்டு ஆக்சில் லாரிக்கு வண்டியும் லோடும் சேர்த்து 16.2 டன்தான் அனுமதி. வண்டியைக் கழித்தால் பத்து டன் ஏற்றலாம். லோடு மட்டுமே பதினாறு டன் இருந்தது. சேலம் தாண்டித் தொப்பூர் கணவாயில் ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போயிருக்கு. வெடித்த வாயு செத்த போல்ட் பக்கம் கேஸ்கெட்டைத் தாண்டித் தண்ணிக்குள் புகுந்து ரேடியேட்டரை ஊதிக்கொண்டிருக்கிறது. அது டிரைவருக்குத் தெரியாது. தண்ணி குறைந்திருக்கும் என்று நினைத்து ஓரங்கட்டி, "மூடியைத் தொறந்து தண்ணி ஊத்துடா" என்றிருக்கிறார். அழுத்தத்தில் இருக்கிற தண்ணி நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கி இருக்கும். மூடி திறந்த நொடியில் மொத்தமும் ஆவியாகப் பீய்ச்சும். ஈரச் சாக்கைப் போட்டுத்தான் திறந்திருக்கிறான். சாக்கு பறந்துபோச்சு. முகத்தில் வலது பக்கம், கழுத்து, நெஞ்சு, வலது கை.

41 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சித்தி என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள். என்னிடம் கோபமில்லை, வேலை வாங்கிக் கொடுத்தவன் என்ற மரியாதையில்தான் அழுதாள். அது இன்னும் மோசம். ஓனர் ஆள் விட்டு மூவாயிரம் ரூபாய் கொடுத்தனுப்பினார். பட்டறையில் பஞ்சாயத்து. தலைமை மெக்கானிக் "நான் இறுக்கலை, அவன்தான் இறுக்கினான்" என்றார். அது உண்மை. ஓனர் என்னைப் பார்த்துச் சொன்னது இது: "செருப்புத் தைக்கற கையில ரெஞ்சைக் குடுத்தா இப்படித்தான்."

எங்கள் தாத்தா செருப்பு மட்டும் தைத்தவரில்லை. மோட்டார் வருகிறதுக்கு முன்னால் கிணத்துத் தண்ணி கவலையில்தான் ஏறும். மாடு கட்டி இறைப்பது. இரும்புச் சாலுக்குக் கீழே தோல் தும்பி ஒன்று தொங்கும். சால் மேலே வந்ததும் தும்பி வழியாகத் தண்ணி வாய்க்காலில் விழும். அந்தத் தும்பியைத் தைத்தது நாங்கள். தும்பி ஒழுகினால் பாதிக் கிணத்துத் தண்ணி கிணத்துக்கே திரும்பிவிடும், பண்ணையக்காரர் அடிப்பார். தாத்தா தும்பியைச் சாலின் வாயில் கட்டும்போது ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போக மாட்டார். இந்தப் பக்கம் ஒரு இழு, எதிர்ப்பக்கம் ஒரு இழு. இல்லாவிட்டால் தோல் சுருங்கி ஒரு மடிப்பு விழும், அந்த மடிப்பில்தான் தண்ணி வரும் என்பார். அவர் காட்டியபோது எனக்குப் பத்து வயசு. அப்போது கவலை எல்லாம் போய்க் கரண்டு மோட்டார் வந்திருந்தது, தும்பிக்கு வேலை இல்லை. சும்மா ஒரு பழைய வளையத்தில் தோலை வைத்துக் காட்டினார். ஐ.டி.ஐ.யில் ஹெட் இறுக்குகிற வரிசையை வாத்தியார் போர்டில் போட்டபோது எனக்கு அது புதுசாக இல்லை. அப்பன் ஊராட்சி அடிபம்பு ரிப்பேர் ஆட்களோடு பைப் தூக்கப் போனவர். இந்தியா மார்க் டூ பம்பில் அந்தக் காலத்தில் தோல் வாஷர்தான். அப்புறம்தான் ரப்பர் வந்தது. தண்ணியை அடைத்து நிறுத்துவது மூணு தலைமுறையாக எங்கள் வேலை. அந்த ஓனரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு வாய் வரவில்லை. வந்திருந்தாலும், அந்தப் போல்ட் இளகியது என் கைக்குத் தெரியும் என்பது என் தொண்டையில் குறுக்கே நின்றது. அவர் சொன்ன சாதிப் பேச்சுக்குக் கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லாமல் செய்துகொண்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு. அது பிரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு.

வேலை போனது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஒன்றில் சேர்ந்தேன். மத்தியப் பிரதேசம், ஆந்திரா என்று போர் போடுகிற ஊரெல்லாம் சுத்தினேன். நேரம் காலம் இல்லாமல் முழு லோடில் ஓடுகிற கம்ப்ரசர் இஞ்சின்கள். அங்கேதான் ஸ்டட் பழகினேன். நல்லதும் பார்த்தேன், கெட்டதும் பார்த்தேன். லேத்தில் கடைந்து கொடுக்கிற ஸ்டட்டை நம்பி மூணு ஹெட் தூக்கியதைப் பார்த்தேன். லேத்தில் வெட்டிய மரையும், உருளைக்கு நடுவே அழுத்தி எடுத்த மரையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். வெட்டும்போது இரும்பின் நார் அறுந்துவிடுகிறது, மரையின் அடிப்பள்ளத்தில் விரிசல் அங்கேதான் தொடங்கும். பக்குவம் காய்ச்சாத இரும்பு வேறு. கம்பெனி போல்ட்டின் தலையில் 10.9, 12.9 என்று குத்தியிருப்பார்கள். 10 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ இழுத்தால்தான் அறும், புள்ளி 9 என்றால் அதில் பத்தில் ஒன்பது பங்குவரை நீண்டாலும் திரும்பிச் சுருங்கும் என்று அர்த்தம். லேத்து ஸ்டட்டில் ஒன்றும் குத்தியிருக்காது. கேட்டால் "நல்ல இரும்புங்க" என்பார்கள். எது நல்ல இரும்பு?

2011ல் ஒரு எழவு வீட்டில் என் தம்பியோடு, சித்தி மகனைத்தான் சொல்கிறேன், ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். அவன் அதுக்கப்புறம் லாரியில் ஏறவில்லை. பஞ்சர் கடை வைத்திருந்தான். வலது கையில் இரண்டு விரல் முழுசாக மடங்காது. அன்றைக்குத்தான் அவனிடம் சொன்னேன். போல்ட் அளந்தது, ஒன்பது போல்ட், கடைசியில் ஒன்று இளகியது, நான் பேசாமல் அடுத்ததுக்குப் போனது, எல்லாம்.

ரொம்ப நேரம் பேசவில்லை. பீடியை அணைத்துவிட்டு, "நீ அங்கே சொல்லியிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? உன்னைத் தள்ளிட்டு வேற ஒருத்தன் முறுக்கியிருப்பான்" என்றான். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் சொன்னான்: "எனக்காச்சும் சொல்லியிருக்கலாமே அண்ணா. நான் மூடியைத் தொறந்திருக்க மாட்டேன்."

அவ்வளவுதான். அதுக்கு மேல் இருவரும் பேசவில்லை.

இப்போது தை மாசத்து ஓனருக்கு வருகிறேன். ஹெட்டைக் கழட்டி போரிங் கடைக்கு அனுப்பினேன். ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து, ஃபில்லர் விட்டுப் பிளாக்கின் முகத்தைப் பார்த்தேன். சமமாக இருந்தது. போல்ட் ஓட்டைகளை டேப் விட்டுச் சுத்தம் பண்ணி, ஒவ்வொன்றிலும் காற்றடித்தேன். இது சின்ன வேலை மாதிரி தெரியும். அடி மூடிய ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயிலோ தண்ணியோ தங்கியிருந்தாலும் போல்ட் இறங்கும்போது அது ஒதுங்க இடமில்லாமல் பிளாக்கையே பிளக்கும். போல்ட் நன்றாக இறுகிவிட்டது என்று ரெஞ்ச் பொய் சொல்லும். மரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பழைய போல்ட்டில் பதினொன்று நீண்டிருந்தது. காரணம் தேடினால், பம்பை யாரோ ஏற்றி வைத்திருந்தார்கள். டீசலைக் கூட்டி, மேடு ஏற இழுவை வேணும் என்று.

அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஸ்டட் வேண்டாமுங்க. புதுக் கம்பெனி போல்ட் ஒரு செட் வாங்குங்க. பம்பை டெஸ்ட் பெஞ்சில வெச்சு பழைய அளவுக்கு இறக்கணும்."

"ஏனுங்க, ஸ்டட் ஸ்ட்ராங்குதானே?"

"ஸ்ட்ராங்குதானுங்க. ஆனா இந்த வண்டிக்கு வேண்டாம்."

காரணத்தைச் சொன்னேன். இது கேபினுக்குள்ளே இஞ்சின் இருக்கிற வண்டி. ஹெட் ஐம்பது கிலோவுக்கு மேல் கனம். போல்ட் என்றால் எல்லாவற்றையும் உருவிவிட்டு ரெண்டு பேர் ஹெட்டைச் சாய்த்து, நகர்த்தி, எப்படியாவது வெளியே எடுத்துவிடலாம். ஸ்டட் நட்டுக்கொண்டு நிற்கும்போது அத்தனை உயரமும் நேராகத் தூக்கியாகணும், கேபினுக்குள் அதுக்கு இடம் போதாது. பட்டறையில் இஞ்சினையே இறக்கிச் செய்யலாம். வண்டி நாக்பூரில் ரோட்டோரம் நின்றால்? போல்ட் எந்த ஊர் ஸ்பேர் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் அளவு தெரியும். ஸ்டட்டுக்கு இறுக்குகிற அளவு வேறு, பூசுகிற கிரீஸ் வேறு. தெரியாதவன் போல்ட் அளவிலேயே இறுக்கிவிட்டுப் போவான். நல்ல ஸ்டட் வெளிநாட்டிலிருந்து வரணும், அந்தக் காசுக்கு நாலு செட் போல்ட் வாங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, பம்பை ஏற்றி வைத்துக்கொண்டு ஸ்டட் போட்டால் ஹெட் தூக்காது, சரி. அந்தச் சூடு எங்கே போகும்? பிஸ்டனுக்குப் போகும். கம்ப்ரசர் இஞ்சின் என்றாலோ, பிளாக்கு மரை தேய்ந்திருந்தாலோ நானே ஸ்டட்தான் போடுவேன். எங்கள் ஊர் ரிக் ஒன்றுக்குப் போட்டுக் கொடுத்து மூணு வருஷமாக ஓடுகிறது.

அவர் யோசித்தார். "அப்படின்னா ஸ்டட்டும் வேண்டாம், புதுப் போல்ட்டும் வேண்டாம். பழசையே இந்த ஒரு தடவை போட்டுருங்க. எஃப்.சி. முடிச்சு வண்டியைக் குடுத்தற்றேன்."

"போட மாட்டேனுங்க."

"காசு நான்தானே தர்றேன்?"

"வண்டியை வேற பட்டறைக்குக் கொண்டுபோயிக்கலாம். கழட்டின கூலிகூட வேண்டாம்."

சொல்லிவிட்டேனே தவிர உள்ளுக்குள் நடுக்கம்தான். அந்த மாசம் அது ஒன்றுதான் பெரிய வேலை. எங்கிட்ட ரெண்டு பசங்க வேலை பழகுகிறார்கள், சனிக்கிழமை ஆனால் சம்பளம் கொடுக்கணும். பட்டறை வாடகை பாக்கி. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். பசங்களில் ஒருத்தன், "அண்ணா, அளந்து பாத்து நல்லதா இருக்கறதை மட்டும் போட்டுட்டு, மீதியை மட்டும் புதுசு வாங்கச் சொல்லியிருக்கலாமே" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை, மேனுவல்படி அது சரிதான். ஏற்றி வைத்த பம்பில் ஓடின போல்ட் என்பதால் எனக்கு மனசு வரவில்லை. அதையும் அவனிடம் சொன்னேன். இது கணக்கில்லை, என் பயம் என்று.

ரெண்டு நாள் கழித்து ஓனர் ஒரு டப்பாவோடு வந்தார். புதுப் போல்ட், முழு செட். பம்பை மட்டும் இறக்க மாட்டேன் என்றார், தொப்பூரில் ஏறணுமே என்றார். நான் பில் புத்தகத்தை எடுத்து, பம்ப் செட்டிங் அதிகம் இருக்கிறது, இறக்கச் சொல்லியும் வேண்டாம் என்று ஓனர் சொன்னார் என்று எழுதினேன். பழைய போல்ட் பதினொன்றின் நீளத்தையும் வரிசையாக எழுதினேன். கையெழுத்துப் போடச் சொன்னேன். வாசித்தார். ரெண்டு தடவை வாசித்தார். "இதெல்லாம் எதுக்குங்க" என்றார். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, "சரி, பம்பைக் கழட்டி அனுப்புங்க" என்றார். கோபம்தான். இருக்கட்டும்.

ஹெட் உட்கார வைத்தோம். மரைக்கும் போல்ட்டுத் தலைக்கு அடியிலும் ஆயில் தொட்டு வைத்து, 26 போல்ட்டையும் விரலால் இறக்கினேன். 90, அப்புறம் நீளத்துக்கு 120. கால் திருப்புக்கு ஒவ்வொரு போல்ட்டுத் தலையிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. சின்னவனை ரெஞ்ச் பிடிக்கச் சொல்லி, என் கையை அவன் கை மேல் வைத்துக்கொண்டேன். "கனக்குதா?" "கனக்குதுண்ணா." "இதுக்கு?" "கனக்குது." ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். இருபத்தாறு தடவை. எங்காவது கனக்காமல் போனால் உடனே நிறுத்திவிட்டு வாய் விட்டுச் சொல்லணும், யார் பக்கத்தில் நின்றாலும், என்றேன்.

ஸ்டார்ட் பண்ணும்போது ரேடியேட்டர் மூடி போடவில்லை. குளிர்ந்த இஞ்சினில் மூடி இல்லாமல் ஓடவிட்டு, தண்ணியில் குமிழி வருகிறதா என்று நான் மட்டும் நின்று பார்த்தேன். பசங்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். குமிழி வரவில்லை. அடுத்த நாள் லோடு இல்லாமல் தொப்பூர் வரைக்கும் போய் வந்தோம். முள் பாதியில் நின்றது.

காசு எண்ணிக் கொடுத்துவிட்டு ஓனர் பழைய போல்ட் எங்கே என்று கேட்டார். சாக்கில் போட்டு வைத்திருந்தேன். காயலான் கடையில் போட்டுக்கொள்கிறேன் என்றார். பதினொன்றை எடுத்துவிட்டு மீதியைக் கொடுத்தேன். அந்தப் பதினொன்றையும் ரம்பத்தில் ரெண்டாக அறுத்துத்தான் அவர் கையில் கொடுத்தேன்.